பழுதுபார்ப்பதா, மாற்றுவதா? ஒரு டிஸ்க் பிரேக்குடன் நான்கு ஆண்டுகள்

என் மவுண்டன் பைக்கை வாங்கி நான்கு ஆண்டுகள் முடிந்துவிட்டன. அதனுடன் வந்த ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குகளில் முன் பிரேக் இன்றும் பழுதின்றி வேலை செய்கிறது. பின் பிரேக்கையோ மூன்றாம் ஆண்டு நிறைவதற்குள் முழுவதுமாகக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்த வேண்டியதாயிற்று. ஒரே பெட்டியில் வந்த இரண்டில் ஒன்றைக் காப்பாற்றவும் மற்றதைக் கைவிடவும் எதைப் பார்த்து முடிவெடுத்தேன் என்பதையும், பல மாதங்கள் முன்பே எடுத்திருக்க வேண்டிய அந்த முடிவை ஏன் தள்ளிப்போட்டேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு பிஸ்டன் கொண்ட கேலிப்பர்கள் (சக்கரத்தின் அருகே பேட்களை அழுத்தும் பகுதி), அழுத்தத்தைக் கடத்த மினரல் ஆயில், முன்னால் 180 மி.மீ., பின்னால் 160 மி.மீ. ரோட்டார் (சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டு) என்பதே அமைப்பு. முதல் ஒன்றரை ஆண்டில் பேட் (ரோட்டாரைப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) மாற்றியதைத் தவிர வேறு வேலை வைக்கவில்லை. அதன்பின் பின் பிரேக்கின் லீவர் ஒரு நாள் இருந்ததுபோல் மறுநாள் இருப்பதில்லை. சில நாட்களில் பாதி தூரத்திலேயே பிடித்துவிடும். சில நாட்களில் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு இறங்கும். இரண்டு மூன்று முறை விட்டுவிட்டு அழுத்தினால் மீண்டும் விறைக்கும். இப்படி நடந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது, ப்ளீடிங் செய்தால், அதாவது அந்தக் காற்றை வெளியேற்றினால் சரியாகிவிடும் என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. நானும் அதையே நம்பினேன். பணிமனையில் இரண்டு முறையும் வீட்டில் ஒரு முறையும் செய்து பார்த்தோம். ஒவ்வொரு முறையும் சிரிஞ்சில் சில குமிழிகள் எழுந்து வரும், லீவர் கல்லைப் போல் இறுகும், சில வாரங்களில் பழைய கதை திரும்பும். மூடிய அமைப்பு ஒன்றில் காற்று மீண்டும் மீண்டும் சேருகிறதென்றால் அது எங்கிருந்தோ உள்ளே நுழைந்தாக வேண்டும். அந்த எளிய கேள்வியைப் பணிமனையிலும் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இதற்கிடையில் இரண்டாவது தொல்லை தொடங்கியது. பின் பிரேக் அழுத்தும்போதெல்லாம் ஊளையிட்டது. சத்தம் வளர வளரப் பிடிமானம் குறைந்தது. பேட்டில் எண்ணெய் பட்டதன் அறிகுறி இது. சங்கிலிக்குப் போடும் எண்ணெய்தான் தெறித்திருக்க வேண்டும் என்று நானே தீர்மானித்துக்கொண்டு, ரோட்டாரை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன், பேட்டின் மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்தேன். பிடிமானம் ஓரிரு சவாரிகளுக்கு மட்டும் திரும்பியது. என் பேட் ரெசின் (பிசின்) வகை, நுண்துளைகள் நிறைந்தது. உள்ளே ஊறிய எண்ணெயை மேலோட்டமாகத் தேய்த்து எடுத்துவிட முடியாது. புதிய பேட் வாங்கினேன். அதுவும் ஏழாவது வாரத்தில் ஊளையிட்டது. அதற்கடுத்த பேட்டும் அப்படியே ஆனபோதுதான் சங்கிலி எண்ணெயின் மீதான சந்தேகத்தை விட்டேன்.

பின்னர் செய்த சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை. சக்கரத்தையும் பேட்டையும் கழற்றி, பிஸ்டன்களையும் அவற்றைச் சுற்றியுள்ள பகுதியையும் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டேன். ப்ளீடிங்கின்போது பிஸ்டன்கள் வெளியே வந்துவிடாமல் தடுக்கும் பிளாஸ்டிக் கட்டையை இடையில் செருகி, அதன் இருபுறமும் வெள்ளை டிஷ்யூ தாளை மடித்து வைத்தேன். லீவரை நன்றாக அழுத்தி, பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டையால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டினேன். அப்போது லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. காலையில் தாளை எடுத்துப் பார்த்தபோது, உட்புற பிஸ்டன் இருந்த பக்கத்தில் பிறைநிலா வடிவில் மங்கலான எண்ணெய்க் கறை. கேலிப்பரின் சீல் (பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம்) கசிகிறது என்பது உறுதியாயிற்று. பேட்டைக் கெடுத்தது பிரேக்கின் சொந்த எண்ணெய்தான்.

அதைவிட முக்கியமான ஒன்றையும் அந்தக் காலையில் கண்டேன். இரவில் இடைவெளியோடு கட்டிய லீவர் கைப்பிடியின் மேல் படுத்துக் கிடந்தது. தாளில் இருந்த கறையோ ஒரு சொட்டு எண்ணெய்க்கும் குறைவு. லீவர் அவ்வளவு தூரம் இறங்குவதற்கு அது போதாது. பட்டையை அவிழ்த்து, கையாலேயே ஒரே அழுத்தத்தில் பிடித்துக்கொண்டு எண்ணினேன். நாற்பதை எட்டுவதற்குள் லீவர் மெல்ல மெல்ல அடியைத் தொட்டது. ஹோஸ் (எண்ணெய்க் குழாய்) இணைப்புகளையும் லீவரின் வெளிப்புறத்தையும் துடைத்துப் பார்த்தேன், எங்கும் ஈரமில்லை. ஆகவே லீவரில் எண்ணெயை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் சீலும் தேய்ந்து, அழுத்தப்பட்ட எண்ணெய் அதைக் கடந்து எண்ணெய்த் தொட்டியான ரிசர்வாயருக்கே திரும்பிக்கொண்டிருந்தது என்ற முடிவுக்கு வந்தேன்.

முன் பிரேக்கும் தொல்லை கொடுக்காமல் இருக்கவில்லை. அதில் ஒரு பிஸ்டன் நகரவே மறுத்து, மற்றது மட்டும் ரோட்டாரை ஒரு பக்கமாக வளைத்து அழுத்தியது. ஆனால் இது வேறு வகைக் கோளாறு. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர விளிம்புடைய ரப்பர் சீல், பிரேக் பிடிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து சற்றே முறுக்கிக்கொள்கிறது. விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பி, பிஸ்டனையும் பின்னுக்கு இழுக்கிறது. பேட் தேயத் தேய பிஸ்டன் சீலின் மீது வழுக்கிச் சற்று முன்னே போய் நிற்கிறது. பிஸ்டனின் பக்கவாட்டில் சேறும் பேட் தூளும் படிந்தால் இந்த வழுக்கலும் இழுப்பும் தடைபடுகின்றன. நகரும் பிஸ்டனைப் பிடித்துவைத்து, நகராததைக் கொஞ்சம் வெளியே வரச் செய்து, துடைத்து, அதே பிரேக்குக்குரிய எண்ணெயைத் துளியளவு தடவி, பிளாஸ்டிக் டயர் லீவரால் உள்ளே தள்ளினேன். நான்கைந்து முறை செய்தபின் இரண்டும் சமமாக நகர்ந்தன. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பிஸ்டனின் விளிம்பு உடைந்துபோகும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இதற்குப் பழுதுபார்ப்பு என்று பெயரிடுவதுகூட மிகை, துப்புரவு வேலைதான்.

பின் பிரேக்கின் கணக்கு அப்படி முடியவில்லை. கேலிப்பர் மட்டும் கசிந்திருந்தால் கேலிப்பரை மட்டும் மாற்றியிருப்பேன். லீவர் மட்டும் என்றால் அதை மட்டும். என் மாடலுக்குச் சீல்கள் உதிரியாக விற்கப்படுவதில்லை. இரண்டு முனைகளையும் தனித்தனியாக வாங்கி, எண்ணெயும் ப்ளீடிங் கூலியும் சேர்த்துப் பார்த்தபோது முழு பிரேக்கின் விலையையே அது தாண்டியது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஏற்கெனவே மூன்று ப்ளீடிங்கிலும் கெட்டுப்போன பேட்களிலும் தொலைத்த தொகையை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால், "இவ்வளவு செலவழித்துவிட்டோமே" என்று பழையதையே பிடித்துக்கொண்டிருக்கத்தான் மனம் சொல்லும். என் மனம் ஆறு மாதங்களாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

காருக்கு ஊற்றும் பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல் உப்பிக் கசிவு நின்றுவிடும் என்று ஒரு யோசனையும் வந்தது. அதன்படி செய்யாதது நல்லதாயிற்று. காரில் ஊற்றும் வகையான டாட் 4, டாட் 5.1 ஆகிய திரவங்களுக்கான சீல்களும் மினரல் ஆயிலுக்கான சீல்களும் வெவ்வேறு ரப்பரால் ஆனவை. ஒன்றின் இடத்தில் மற்றதை ஊற்றினால் சீல் உப்பிச் சிதையும். மீதமிருக்கும் நல்ல பாகமும் சேர்ந்து கெடும்.

புதியதை வாங்கும்போது எண்ணெய் வகை, கேலிப்பர் பொருந்தும் முறை, பேட்டின் வடிவம் ஆகிய மூன்றையும் பார்த்தேன். பேட்டின் வடிவம் முன் பிரேக்கோடு ஒத்திருப்பதால் பையில் ஒரே ஒரு உதிரி பேட் செட் போதுமானதாக இருக்கிறது. இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, நீண்ட சவாரியில்தான் அருமை தெரியும். ரோட்டாரை மாற்றவில்லை. புதிதில் 1.8 மி.மீ. தடிமன் கொண்ட அது 1.65 மி.மீட்டராகத் தேய்ந்திருந்தது, அதன் உற்பத்தியாளர் வைத்துள்ள எல்லை 1.5 மி.மீ. ஆனால் ரெசின் பேட் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ரோட்டாரிலேயே பொறித்திருப்பதால், மெட்டல் பேட் போடும் ஆசையைக் கைவிட்டேன். ஹோஸ் நீளமாக இருந்ததால் வெட்ட வேண்டியிருந்தது. அப்போது ஆலிவ் எனப்படும் பித்தளை வளையத்தையும் ஹோஸுக்குள் செருகும் முனையையும் புதிதாகவே போட வேண்டும். நசுங்கிய பழைய வளையத்தை மறுபடி முடுக்கினால் அங்கேயே அடுத்த கசிவு தொடங்கும். பொருத்திய பின், மிதமான வேகத்திலிருந்து சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் மெதுவாக வேகத்தைக் குறைப்பதை இருபது முறைக்கு மேல் செய்து பேட்டைப் பழக்கினேன்.

இப்போது 14 மாதங்கள் ஆகின்றன. லீவர் பிடிக்கும் இடம் மாறவே இல்லை. பேட் ஒரு முறை தேய்ந்து மாற்றப்பட்டது, ஊளையில்லை. ஒரே குறை, இடது கையிலும் வலது கையிலும் இரண்டு வெவ்வேறு வடிவ லீவர்கள். முதல் மாதம் அது விரலுக்கு உறுத்தலாக இருந்தது. கழற்றிய லீவரிலிருந்து கிளாம்ப் போல்ட்டையும் தொலைவு திருத்தும் திருகையும் எடுத்து முன் பிரேக்குக்கு உதிரியாக வைத்திருக்கிறேன். சென்ற வாரம் அந்த முன் பிரேக்குக்கும் இரவு முழுவதும் ரப்பர் பட்டையைக் கட்டிப் பார்த்தேன். காலையில் லீவர் கட்டிய இடத்திலேயே நின்றது, தாள் உலர்ந்திருந்தது.