ட்ரெட்லாக்ஸ் போடப் போகிறீர்களா? மெழுகு டப்பாவைத் திறந்தால் எழுந்து வந்துவிடுங்கள்

எல்ல, பண்டாரவளை, நுவரெலியா பக்கம் ட்ரெட்லாக்ஸ் (முடியைச் சிக்கவிட்டுக் கயிறு கயிறாக இறுகவைக்கிற சடைமுடி, சுருக்கமாக ட்ரெட்) போட்டுக்கொள்ள நினைக்கிற தம்பி தங்கைகள், காசு கட்டுவதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். என் தம்பிக்கு நடந்ததை எழுதுகிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது ஒரு முடிவுக்கு வரட்டும். பெயர் தெரியாவிட்டாலும் இந்த மாதிரிக் கடையை உள்ளே போன பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தம்பி ஹப்புத்தளைப் பக்கம் வெளிநாட்டுக்காரர்களை மலை ஏறக் கூட்டிப்போகிற வேலை செய்கிறான். ட்ரெட் போட வேண்டும் என்பது அவனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை. அதற்காகவே முடியைத் தோளுக்குக் கீழே வரை வளர்த்தான். சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக முப்பதாயிரம் ரூபா சேர்த்தான். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது சின்னக் காசு இல்லை.

சுற்றுலாக்காரர்கள் நடமாடுகிற தெருவில் இருக்கிற கடை அது. சிவப்பு, மஞ்சள், பச்சை அடித்த சுவர், பாப் மார்லி படம், முடி போட்டுக்கொண்டவர்களின் போட்டோக்கள். எல்லாம் போட்ட அன்றைக்கே எடுத்த போட்டோக்கள். மூன்று மாதம் கழித்து, ஒரு வருடம் கழித்து எப்படி இருந்தது என்று காட்டுகிற போட்டோ ஒன்றுகூட இல்லை. முழுக் காசையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். பில் கேட்டதற்கு "அப்புறம் தாறம் மல்லி" என்றார்கள் (மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி).

பிறகு செய்த வேலையைச் சொல்கிறேன். முடியை அளவு பார்க்காமல் கண் மதிப்பில் பிரித்து, ஒவ்வொரு பிரிவின் அடியிலும் தலையோடு ஒட்டி ரப்பர் பட்டி போட்டார்கள். தடித்த ஊசியால் கொஞ்சம் குத்தி இழுத்துவிட்டு, கயிறு முறுக்குவதுபோல் முறுக்கினார்கள். லேபல் இல்லாத ஒரு பெரிய டப்பாவிலிருந்து மஞ்சள் நிற மெழுகை உள்ளங்கை நிறைய எடுத்துத் தேய்த்து, ஹேர் ட்ரையரால் சூடு காட்டி உள்ளே இறங்க வைத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றும் பளபளவென்று, ஒரு முடிகூடப் பிரியாமல். போகும்போது மூன்று விஷயம் சொல்லி அனுப்பினார்கள்: மூன்று மாதத்துக்குத் தலையில் தண்ணீர் படக் கூடாது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாலாயிரம் ரூபா கொடுத்து அடியை இறுக்கிக்கொள்ள வேண்டும், தினமும் இந்த மெழுகைத் தடவ வேண்டும். மெழுகுக்குத் தனியாக மூவாயிரத்து ஐந்நூறு.

அன்றைக்கு இரவு அவனால் தலையணையில் தலை வைக்க முடியவில்லை. புருவம் இரண்டும் மேலே இழுத்துக்கொண்டு நின்றன. "மொதல்ல அப்பிடித்தான் இருக்குமாம் அக்கா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தே தூங்கினான். அடுத்த சில நாளில் நெற்றி ஓரத்திலும் காதுக்கு மேலேயும் சின்னச் சின்னக் கொப்புளம், நுனியில் வெள்ளைச் சீழோடு.

ஒக்டோபர் மாதம். எங்கள் பக்கம் ஊவாவில் மழை பிடிக்கிற காலம். அவன் வேலையோ வெளியில். காலையில் மூடுபனி, பின்னேரம் மழை. தலையில் கம்பளித் தொப்பி. மெழுகு பூசிய முடிக்குள் போன ஈரம் வெளியே வர வழி இல்லை. தொப்பியின் நூல், கம்பளிப் போர்வையின் தூசு, அடுப்புப் புகை எல்லாம் மெழுகில் போய் ஒட்டிக்கொண்டன. கொஞ்ச நாளில் நனைந்த சாக்கை மடித்து மூலையில் போட்ட மாதிரி ஒரு நாற்றம் வர ஆரம்பித்தது. அவனோடு மலை ஏறிய ஒரு வெள்ளைக்காரப் பெண் தள்ளி நின்று பேசினாள் என்று வந்து சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

அப்போதும் கடைக்காரர் பேச்சைத்தான் கேட்டான், தண்ணீர் படக் கூடாது என்று. எங்கள் அம்மாயி தான் அதட்டியது. "சடை விழுந்த சாமியாருங்க கதிர்காமத்துல மாணிக்க கங்கையில முங்கி எந்திரிக்கிறாங்க. ஒனக்கு மட்டும் தண்ணி ஆகாதுன்னு எவன்டா சொன்னான்?" அம்மாயி சொன்னது முழுக்கச் சரி. சிக்கிய முடிக்குத் தண்ணீர் பகை இல்லை. காயாத ஈரம்தான் பகை.

காதுக்குப் பின்னால் இருந்த ஒரு ட்ரெட்டைக் கத்திரிக்கோலால் வெட்டி, நீளவாக்கில் பிளந்து லைட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். வெளியே பளபளப்பு. உள்ளே முடி முடியோடு கோத்துக்கொள்ளவே இல்லை. போட்ட நாளில் எப்படி நீட்டாக இருந்ததோ அப்படியே கிடந்தது. இடையில் சாம்பல் நிறப் பசை, அதில் அவனுடைய தொப்பியின் நீல நூல்கள், நடுவில் கறுப்புப் புள்ளிகள். விரலால் தொட்டால் சில்லென்று ஈரம். அவன் தலை நனைந்து பல நாள் ஆகியிருந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். மயிர்க்கால்களில் தொற்று, அதோடு பூஞ்சைப் பொடுகு என்றார் டாக்டர். மருந்தும் பூஞ்சையைக் கொல்லுகிற கெட்டோகொனசோல் ஷாம்புவும் கொடுத்தார். நெற்றி ஓரத்தைக் காட்டி, இப்படி இடைவிடாமல் இழுபட்டால் மயிர்க்கால் செத்துப்போகும், ஆரம்பத்திலேயே தளர்த்திவிட்டால் முடி திரும்ப வளரும், தழும்பு விழுந்துவிட்டால் வளராது என்று விளக்கமாகச் சொன்னார். கடைக்காரர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து இறுக்கச் சொன்ன இடம் அதே இடம்தான்.

கடைக்குப் போய்க் கேட்டோம். மன்னிப்புக்கூட வேண்டாம், காசில் பாதியாவது திருப்பித் தாருங்கள் என்றுதான் கேட்டோம். "ஒங்க முடிதான் சரியில்ல மல்லி, வழுக்குற முடி" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் காத்திருந்த வெளிநாட்டுக்காரர்களிடம் போய்விட்டார்கள். வழுக்குகிற முடி என்பது முதல் நாளே கண்ணுக்குத் தெரிந்த விஷயம்தானே? நேரான முடிக்கு வேறு வேலைமுறை இருக்கிறது. அது தெரியாதவர்கள் காசு வாங்கியிருக்கக் கூடாது.

இதற்குப் பிறகு கண்டியில் பல வருடமாக ட்ரெட் வைத்திருக்கிற, மற்றவர்களுக்கும் போட்டுவிடுகிற ஓர் அண்ணனிடம் போனோம். ஒரு சதம் வாங்காமல் தலையைப் பார்த்துப் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதும் பிறகு நான் தேடிப் படித்ததும் இதுதான்.

நம் தலையிலிருந்து தினமும் ஐம்பது முதல் நூறு முடி வரை உதிர்கிறது. சீவினால் சீப்போடு வந்துவிடும். சீவாமல் விட்டால் அந்த முடி அங்கேயே தங்கி, மற்ற முடியைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும். முடியின் மேல்தோலில் இருக்கிற செதில்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ட்ரெட் இறுகுவது இப்படித்தான். அதற்கு முடி அசைய வேண்டும், உரச வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும். மெழுகு போட்டால் முடி அசையாது. வெளியில் இறுகின மாதிரித் தெரியும், உள்ளே ஒன்றுமே நடக்காது. அதோடு மெழுகு கழுவினால் போகாது. தேன்மெழுகு உருகவே 60 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றினால் தோல் வெந்துவிடும்.

ஆபிரிக்க வம்சாவளி மக்களின் சுருள் முடி முறுக்கிவிட்டாலே தானாகச் சுருண்டு நிற்கும். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு நேரான முடி, இல்லாவிட்டால் அலை முடி. அதை முறுக்கினால் தலை குளித்ததும் பிரிந்துவிடும். அந்தப் பிரிவை மறைக்கத்தான் மெழுகு. நம் முடிக்கு, தலையில் ஏறக்குறைய ஓர் அங்குலச் சதுரமாகப் பிரித்து, நுனியிலிருந்து வேர்ப்பக்கமாகத் திருப்பிச் சீவி முடிச்சு விழவைத்து, பிறகு நுனியில் கொக்கி உள்ள மெல்லிய குரோஷே ஊசியால் வெளியே நிற்கிற முடியை உள்ளே இழுக்க வேண்டும். ஊசி 0.5 அல்லது 0.75 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தடித்த ஊசி முடியை அறுக்கும். முழுத் தலைக்கு ஒரு நாள் முழுவதும் பிடிக்கும், சில தலைக்கு அதற்கு மேலும். ஒரு மணி இரண்டு மணியில் முடித்துத் தருகிறோம் என்றால் யோசியுங்கள்.

போட்ட புதிதில் முடி பிரியும், சிலும்பும், வீங்கும், நீளமும் குறையும். அது எல்லாம் சரியான அறிகுறி. முழுதாக இறுகி முதிர ஒரு வருடமாவது ஆகும். முதல் நாளே கயிறு மாதிரி பளபளவென்று நிற்கிற முடியைப் பார்த்து மயங்காதீர்கள்.

தலை குளிப்பது பற்றி. போட்ட பிறகு ஒரு வாரம் பொறுக்கலாம். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை கட்டாயம் கழுவ வேண்டும். கண்டிஷனர் வேண்டாம், முடியை வழுவழுப்பாக்கிச் சிக்கை விடுவித்துவிடும். எண்ணெய்ப் பசை விடாத சாதாரண ஷாம்பு போதும். நுரையைத் தலைத்தோலில் விரல் நுனியால் தேய்த்து, முடிக்குள் தண்ணீர் ஓடவிட்டு, நுரை முழுவதும் போகும்வரை அலசுங்கள். அப்பச்சோடாவில் அடிக்கடி கழுவச் சொன்னால் கேட்காதீர்கள். அது காரம், முடியை வறட்டி உடைக்கும்.

நம் மலைநாட்டில் பெரிய வேலை காயவைப்பதுதான். ஹிக்கடுவையிலும் அறுகம்குடாவிலும் ட்ரெட் வைத்திருப்பவர்களுக்கு வெயிலும் காற்றும் இருக்கிறது, நனைந்தாலும் காய்ந்துவிடும். 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் ஒரு துவாயே இரண்டு நாள் காயாது. அதனால் சாயங்காலம் தலை குளிக்கவே கூடாது. வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துக் காலையில் குளியுங்கள். ஒவ்வொரு ட்ரெட்டாகத் துவாயில் வைத்துப் பிழியுங்கள். வெயில் இல்லையென்றால் ஹேர் ட்ரையரை மிதமான சூட்டில் வைத்து, நடுப்பகுதியை நசுக்கிப் பார்த்தால் குளிர்ச்சி தெரியாத வரைக்கும் காயவையுங்கள். ஈரத்தோடு கட்டாதீர்கள், தொப்பி போடாதீர்கள், படுக்காதீர்கள். கம்பளித் தொப்பி போட்டே ஆக வேண்டும் என்றால் உள்ளே ஒரு பழைய பட்டுச் சேலைத் துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள், நூல் ஒட்டாது. தலையணைக்கும் அதே துணி நல்லது.

தம்பியின் தலையில் முன்பக்கமும் இரண்டு ஓரமும் வெட்ட வேண்டியதாகிவிட்டது. பின்பக்கத்தில் சிலதை மட்டும் காப்பாற்றினோம். தேங்காயெண்ணெயைச் சூடாக்கி ஊறவைத்து மெழுகை இளக்கி, பாத்திரம் கழுவுகிற திரவச் சோப்பால் கழுவி, மறுபடி எண்ணெய், மறுபடி சோப்பு. இரும்புச் சீப்பின் வாலால் ஒவ்வொரு முடிச்சாக எடுத்தேன். சீப்பின் பல்லில் வந்த மஞ்சள் பசையை வழித்து வழித்து ஒரு பேப்பரில் வைத்தோம். அந்தப் பேப்பரைப் போட்டோ எடுத்து முறைப்பாட்டோடு சேர்த்திருக்கிறோம்.

போடுவதற்கு முன் கடையில் கேளுங்கள்: மெழுகோ ஜெல்லோ போடுவீர்களா, எந்த அளவு ஊசி, அடியில் ரப்பர் பட்டி போடுவீர்களா, எப்போது தலை குளிக்கலாம், ஒரு வருடமான முடியின் போட்டோ இருக்கிறதா. நம்மைப் போன்ற முடி உள்ள ஒருவரையாவது நேரில் காட்டச் சொல்லுங்கள். வேலை தெரிந்தவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்கள். கண்டி அண்ணன் நான் கேட்பதற்கு முன்னாலேயே தன் ஊசியை எடுத்துக் காட்டினார். போட்டு முடித்ததும் கண்ணாடியில் புருவத்தைத் தூக்கி இறக்கிப் பாருங்கள், இழுத்தால் அங்கேயே தளர்த்தச் சொல்லுங்கள். வலி இரண்டு நாளுக்கு மேல் இருந்தாலோ கொப்புளம் வந்தாலோ கடைக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பேசாமல் இருந்துவிடாதீர்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, சேவை மோசமாக இருந்தாலும் அந்தச் சபையிடம் முறைப்பாடு செய்யலாம். எழுத்தில் கொடுக்க வேண்டும், சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கடைக்காரர் தண்ணீர் படாமல் இருக்கச் சொன்னதும் மூன்று மாதம்தான், அவர் பேச்சைக் கேட்டுக் காத்திருந்தால் காலக்கெடு போய்விடும். விவரம் கேட்க 1977க்கு அழைக்கலாம். தமிழிலேயே எழுதலாம், அது நம் உரிமை. பில்லை விடாமல் கேட்டு வாங்குங்கள். எங்களிடம் பில் இல்லாததால் காசு கட்டிய அன்றைக்குக் கடையோடு பேசிய வட்ஸ்அப் செய்திகளையும், கிளினிக் துண்டையும், போட்டோக்களையும் சேர்த்து அனுப்பினோம். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.