பீரோவா, மைலாரா, ரப்பர் மூடி டப்பாவா? உப்புக்காற்றில் காமிக்ஸ் காக்கும் வழிகள்

பழைய காமிக்ஸை எப்படிப் பாதுகாப்பது என்று வெளியூர் நண்பர்கள் சொல்லும் யோசனையில் பாதிதான் நம்ம பக்கம் செல்லுபடியாகும். கோயம்புத்தூர்க்காரர் இரும்பு பீரோவில் அடுக்கி இரண்டு அந்துருண்டையைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். மண்டபம், பாம்பன் பக்கம் வீடு இருந்தால் அது நடக்காது. கச்சான் காற்று அடித்தால் மன்னார் வளைகுடாவிலிருந்தும், வாடைக் காற்று அடித்தால் பாக் நீரிணையிலிருந்தும் உப்பு வீட்டுக்குள் வருகிறது. ஆகவே இந்த ஒப்பீடு கடலோரத்துக்கானது. நான் கடைசியில் ரப்பர் வளைய மூடி போட்ட டப்பாவுக்கு வந்து சேர்ந்தவன், அந்தப் பக்கமே சாய்ந்துதான் எழுதுகிறேன்.

முதலில் பைண்டிங்கை ஓரங்கட்டிவிடலாம். பத்துப் பன்னிரண்டு இதழைச் சேர்த்துத் தைத்து, காலிகோ துணி ஒட்டி, முதுகில் எண் போட்டு அடுக்கினால் பார்க்க அழகுதான். வீட்டுப் பிள்ளைகள் படிக்கவும் வசதி. ஆனால் பைண்டர் மூன்று ஓரத்தையும் வெட்டிவிடுவார், சில சமயம் அட்டையையே கழற்றிவிடுவார். மைதாப் பசை ராமபாணப் பூச்சிக்கு வைத்த விருந்து. மாற்றிக்கொள்ளவோ விற்கவோ எண்ணமிருந்தால் பைண்டிங் பக்கமே போக வேண்டாம்.

அடுத்தது பீரோ. கரையானிடமிருந்து காக்கும், பூட்டலாம், ஏற்கெனவே வீட்டில் இருக்கும். இந்த மூன்றோடு அதன் நன்மை முடிந்தது. கதவை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கடல்காற்று உள்ளே போகிறது, மூடிய பிறகு அங்கேயே தங்கிவிடுகிறது. உங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டு மூலையைப் பாருங்கள், பெயின்ட் கொப்பளித்துச் செதில் செதிலாக உதிரும். பீரோ இரும்புக்கே அந்தக் கதி என்றால் காமிக்ஸின் நடுவில் இருக்கும் மெல்லிய பின் என்ன ஆகும்?

விஷயமே அந்தப் பின்தான். 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸாகட்டும், 1984-ல் வந்த லயன், ராணி காமிக்ஸாகட்டும், பின் அடித்த பழைய இதழை வாங்க வருகிறவர் அட்டையைப் பார்த்த கையோடு நடுப்பக்கத்தைத் திறப்பார். தாள் பழுப்பானதை எல்லோரும் பொறுத்துக்கொள்வார்கள், நியூஸ்பிரின்ட் என்றால் பழுக்கத்தான் செய்யும். பின்னைச் சுற்றி துருவின் செம்பழுப்பு வட்டம் இருந்தால் மட்டும் பேச்சு மாறிவிடும். துரு தாளின் நாரையே அரிக்கிறது. அந்த இடம் மொறுமொறுப்பாகி, ஒருநாள் நடுத்தாள் தனியே கையோடு வந்துவிடும். மறுபதிப்பு வந்துவிட்ட கதைகளுக்கு இது இன்னும் கறார். கதைக்காக வாங்குபவர் புதுசை வாங்கிக்கொள்வார். பழசுக்குக் காசு கொடுக்க வருபவர் அதன் நிலைக்காகத்தான் கொடுக்கிறார்.

சரி, உறைக்கு வருவோம். மைலார் என்பது பாலியெஸ்டர் தாள், கண்ணாடி மாதிரித் தெளிவு, விறைப்பு. பல பத்தாண்டு தாங்கும் என்று ஆவணக் காப்பகங்களே பயன்படுத்துவது. குறை, விலை. இன்னொரு குறை, அளவு. கிடைப்பவை பெரும்பாலும் அமெரிக்க இதழின் அளவுக்கு, அதாவது சுமார் ஆறே முக்கால் அங்குல அகலம், பத்தேகால் அங்குல உயரத்துக்கு வெட்டப்பட்டவை. நம்ம பாக்கெட் சைஸ் புத்தகம் அதற்குள் தொளதொளவென்று ஆடும். நான் மைலார் போட்டிருப்பது சில இதழ்களுக்கு மட்டுமே, அதனால் அதைப் பற்றி அடித்துப் பேசமாட்டேன். மற்றதெல்லாம் ரெடிமேட் துணி பேக்கிங் கடையில் கிடைக்கும் பிபி (பாலிபுரொப்பிலீன்) கவர்தான். ஐம்பது மைக்ரான் தடிமன் போதும், நூறாக வாங்கினால் விலை கையைக் கடிக்காது. கம் ஒட்டிய மடல் வேண்டாம், புத்தகத்தை எடுக்கும்போது அட்டையைக் கவ்விக்கொள்ளும். பழைய போட்டோ ஆல்பத்தில் வரும் பிவிசி உறை, அந்த பிளாஸ்டிக் வாடை அடிப்பது, கூடவே கூடாது. நாளாவட்டத்தில் பிசுபிசுத்து அட்டையின் மையை இழுத்துக்கொள்ளும். உள்ளே விறைப்புக்கு வைக்கும் அட்டை சாதா சாம்பல் அட்டையாக இருந்தால் அதிலிருக்கும் அமிலமே புத்தகத்தைப் பழுப்பாக்கும். அமிலமற்ற அட்டை, இல்லாவிட்டால் அட்டையே வேண்டாம்.

ஆனால் எந்த உறையானாலும், ஈரமான நாளில் புத்தகத்தைப் போட்டு டேப் ஒட்டினால் ஈரத்தையும் சேர்த்துத்தான் சிறைவைக்கிறோம். அதனால்தான் டப்பா. சமையலறைச் சாமான் விற்கும் கடையில் நான்கு பக்கமும் கிளிப், மூடியில் ரப்பர் வளையம் வைத்த பெரிய டப்பா கிடைக்கும். அதில் புத்தகங்களை பிபி கவரோடு, கவரின் வாயை ஒட்டாமல் மடித்து மட்டும் வைத்து, நிற்கவைத்து அடுக்குங்கள். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் அரை கிலோவைப் பழைய வேட்டித் துணியில் பையாகத் தைத்து ஓரத்தில் போடுங்கள். செருப்பு டப்பாவில் வரும் குட்டிப் பொட்டலம் இதற்குக் காணாது.

ஏன் இவ்வளவு பாடு என்றால், உப்பின் குணம் அப்படி. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். ராத்திரி நேரத்தில் நம்ம கரையில் அந்த அளவைத் தாண்டுவது சர்வசாதாரணம். பின்மேல் படிந்த தூசி உப்பு ஒவ்வொரு ராத்திரியும் உப்புத்தண்ணீராக மாறினால் துரு பிடிக்காமல் என்ன செய்யும்? டப்பாவுக்குள் ஈரப்பதத்தை 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் வைத்தால் இந்தக் கூத்து நின்றுவிடும், பூஞ்சையும் வராது. 30-க்குக் கீழே போகவிடாதீர்கள், பழைய தாள் நொறுங்கும்.

அளந்து பார்க்கச் சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி போதும். மலிவானது ஐந்து புள்ளி கூடக் குறையக் காட்டும், அதைச் சரிபார்க்கவும் உப்பேதான் உதவி. பாட்டில் மூடியில் வாலிநோக்கம் உப்போ கடை உப்போ ஒரு ஸ்பூன் எடுத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் கருவியையும் ஒரு ஜிப் கவரில் போட்டு மூடி ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் எப்போதும் நான்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

டப்பாவின் தொல்லை பராமரிப்புதான், அதை மறைக்கப்போவதில்லை. ஆரஞ்சு நிற ஜெல் ஈரம் குடித்துப் பச்சையானதும் எடுத்து, தட்டில் பரப்பி, ஓவனில் 110 டிகிரி அளவில் இரண்டு மணி நேரம் சூடாக்க வேண்டும். வாடைக் காலத்தில் இது அடிக்கடி வரும் வேலை. நீல ஜெல் வேண்டாம், அதிலிருப்பது கோபால்ட் குளோரைடு, அது உடம்புக்கு ஆகாது. வெயிலில் காயவைத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு, நம்ம ஊர் வெயில் சூடுதான், ஆனால் ஈரம் அதோடு சேர்ந்தே நிற்கிறது. ஜெல் சரியாகக் காயாது.

கெட்டி அட்டை போட்டு ஒட்டிய புதிய ஆல்பங்களுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை, பின் கிடையாது. ஆர்ட் பேப்பர் நனைந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும் என்பதால் தரையிலும் வெளிச்சுவர் ஓரத்திலும் மட்டும் வைக்காதீர்கள். அவற்றுக்கு பீரோவே போதும் என்பது என் எண்ணம். என்னிடம் இருப்பவை இன்னும் புதுசு, அதனால் உறுதியாகச் சொல்லத் தயக்கம்.

கைமாற்றுவதைப் பொறுத்தவரை, அட்டைப் படத்தோடு நடுப்பக்கப் பின்னின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், பாதி பேரம் அங்கேயே முடியும். துருப்பிடித்த பின்னைக் கழற்றிவிட்டு நூலால் தைப்பதைச் சிலர் ஏற்கிறார்கள், சிலர் கண்டாலே முகம் சுளிக்கிறார்கள். தைத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுவது முறை. அனுப்பும்போது புத்தகத்தைவிட விரலளவு பெரிய இரண்டு நெளியட்டைகளுக்கு நடுவே, நெளிவு ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி வைத்து, டேப்பை அட்டையில் மட்டும் ஒட்டி, வெளியே ஒரு பிளாஸ்டிக் உறை. 2025-ல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்த பிறகு நான் எல்லாவற்றையும் ஸ்பீடு போஸ்ட்டிலேயே அனுப்புகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் மழை விட்டதும் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். எதிர்த்தரப்பிலிருந்து வரும் புத்தகத்தை நேரே பழைய கூட்டத்தோடு சேர்க்காதீர்கள். கொஞ்ச நாள் தனி டப்பாவில் ஜெல்லோடு வைத்து, ராமபாணம் ஏதும் கூடவே வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே எடுங்கள்.