பேப்பர் மில்லுல பல்ப் (காகிதக் கூழ்) கன்சிஸ்டென்சி, அதாவது கூழ்ல தண்ணி போக திடப்பொருள் எவ்வளவுங்கிறத அளக்க பிளேடு சென்சாரா, மைக்ரோவேவ் சென்சாரா?

விலை: பிளேடு டைப் மலிவு. மைக்ரோவேவ் நல்லாவே ஜாஸ்தி.

அளக்குற விதம்: பிளேடு பாக்குறது கூழ் ஓடும்போது பைபர் அது மேல குடுக்குற ஷியர் விசையத்தான் (உரசி இழுக்குற விசை), அதனால கரும்புச்சக்கை கூழ்லருந்து மரக்கூழுக்கு மாத்துனாலோ ரிஃபைனிங் (பைபர அரைச்சுப் பதப்படுத்துறது) ஏத்துனாலோ கன்சிஸ்டென்சி அப்படியே இருந்தாலும் ரீடிங் நகர்ந்துடும், லேப் சாம்பிள் எடுத்து திரும்ப காலிபரேட் பண்ணணும். மைக்ரோவேவ், சிக்னல் கூழைத் தாண்டுற நேரத்தைப் பாக்குது, தண்ணியில மெதுவா போகும், பைபர்ல வேகமா போகும். பைபர் வகை மாறுனாலும் பெரிய கவலையில்ல, பில்லரும் (பேப்பர்ல சேக்குற சுண்ணாம்பு, களிமண் மாதிரி பொடி) சேந்தே கணக்குல வரும்.

தொல்லை: பிளேடுல நாரும் பிளாஸ்டிக் துணுக்கும் சுத்திக்கும், வேஸ்ட்பேப்பர் மில்காரங்களுக்கு சொல்லவே வேணாம். மைக்ரோவேவுக்கு எதிரி காத்துக்குமிழி, லைன் பிரஷர் கம்மியானா ரீடிங் ஆடும்.

ஒரே கூழ் ஓடுற லைனுக்கு பிளேடே தாராளம். கலவை மாறிட்டே இருக்கிற இடம், பில்லர் கலந்த புரோக் (மில்லுலயே கழிச்ச பேப்பர திரும்பக் கூழாக்குறது) லைன்னா காசு போனாலும் மைக்ரோவேவ்தான்.