புதுச்சேரியில் ஜோடிப் படம்: ஒயிட் டவுனா, வைசியாள் வீதியா?

கல்யாணத்துக்கு முந்தைய ஷூட் என்றதும் எல்லோரும் ஓடுவது கடலோரத்துப் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனுக்குத்தான். காரணம் இருக்கிறது. துய்மா வீதி, ரொமேன் ரோலண்ட் வீதி எல்லாம் வடக்கு தெற்காக ஓடுகின்றன. அதனால் கடலைப் பார்த்த சுவர்களில் காலை வெயில் நேராக விழும். மஞ்சள் சுவர், வெள்ளை வரம்பு, மேலே காகிதப்பூ. மெரூன் பட்டுப்புடவைக்கு இதைவிட நல்ல பின்னணி கிடைக்காது. 1855இல் கட்டிய தூய தேவதைகள் அன்னை ஆலயமும் கடலைப் பார்த்தே நிற்கிறது. தொல்லை என்னவென்றால் கூட்டம். ஏழரை மணிக்கு மேல் போனால், ஒரே கதவுக்கு முன்னால் மூன்று ஜோடி வரிசையில் நிற்கும்.

பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் வைசியாள் வீதி. கால்வே சுப்பராய செட்டி வீதி என்றும் சொல்வார்கள். கீழே திண்ணை, மரத்தூண், ஓட்டுத் தாழ்வாரம். அதே வீட்டு மாடியில் பிரெஞ்சு பாணி வளைவு ஜன்னல். தாழ்வார நிழலில் வெளிச்சம் மென்மையாக விழுவதால் பத்து மணிக்குக்கூட முகம் சுளிக்காமல் படம் எடுக்கலாம். திண்ணையில் இருவரும் உட்கார்ந்து பேசினாலே போதும், போஸ் தேவையில்லை. ஆனால் அது ஒருவர் வீட்டு வாசல், கேட்டுவிட்டு உட்காருங்கள்.

கவுன், கோட்டு என்றால் ஒயிட் டவுன். வேட்டி, புடவை என்றால் என் ஓட்டு வைசியாள் வீதிக்கு. அந்த மெரூன் பட்டு மட்டும் விதிவிலக்கு.