ஜன்னல் வைத்த உருளைக்கிழங்குப் பை: பையை வாங்கலாம், ஜன்னல் வேண்டாம்

மாடித்தோட்டக்காரர்களிடம் இப்போது உருளைக்கிழங்கு வளர்க்கும் இந்தப் பைக்கு நல்ல கிராக்கி. கறுப்புத் துணி, இரண்டு கைப்பிடி, கீழ்ப்பக்கம் ஒரு ஜன்னல். ஜன்னலைப் பிரித்து வேண்டிய கிழங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிடலாம், செடி பாட்டுக்கு வளரும் என்பது விளம்பரம். நாற்பது லிட்டர் அளவில் இரண்டு வாங்கினேன். இடம் கோவை, மொட்டை மாடி, கார்த்திகை நடவு.

துணி கெட்டி. ஈர மண்ணோடு இரண்டு பேர் தூக்கி நகர்த்தியும் தையல் பிரியவில்லை. தண்ணீர் தேங்குகிற பேச்சே இல்லை. கிழங்கு அழுகாமல் இருக்க அதுதான் முக்கியம். விளிம்பை மடித்துவிட்டு, அடியில் ஒரு சாண் மண்ணில் விதைக்கிழங்கைப் பதித்து, செடி உயர உயர விளிம்பை நிமிர்த்தி மண் அணைத்துக்கொண்டே போகலாம். சிமெண்டுத் தொட்டியில் இந்த வசதி ஏது? ஆனால் துணிப்பை சீக்கிரம் காய்ந்துவிடும். காயவிட்டுக் காயவிட்டு ஊற்றினால் கிழங்கு வெடிக்கும், முண்டும் முடிச்சுமாக வரும்.

இனி அந்த ஜன்னல். அதை ஒட்டி மூடும் வெல்க்ரோ பட்டையில் மண் ஏறியதுமே பிடிப்பு போய்விட்டது. தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் இடுக்கு வழியே செம்மண் வழிந்து தரையெல்லாம் கறை. வீட்டுக்காரர் முணுமுணுப்பு தனி. அதே இடுக்கில் வெளிச்சம் புகுந்து ஓரத்துக் கிழங்குகள் பச்சை பிடித்துவிட்டன. பச்சைக் கிழங்கில் சோலனின் என்ற நச்சு கூடும்; கசக்கும், வயிற்றைக் கெடுக்கும். குப்பைக்குத்தான். இதில் பெரிய வேடிக்கை, ஜன்னல் இருப்பது அடியில். கிழங்கு வைப்பதோ விதைக்கிழங்குக்கு மேலே, மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்து வெள்ளையாக நீளுகிற விழுதுகளின் நுனியில். கைவிட்டால் மண்ணும் வேரும்தான் அகப்படும். இன்னும் துழாவினால் விழுது அறுந்து, கோலிகுண்டு அளவுப் பிஞ்சும் போச்சு.

கூட வந்த அட்டையில் ‘வருடம் முழுக்க விளையும்’ என்று போட்டிருக்கிறார்கள். நீலகிரியில் மூன்று போகம் எடுப்பார்கள், அது மலை. இரவிலும் வெக்கை அடங்காத ஊரில் செடி தளதளவென்று வளரும், கிழங்கு மட்டும் வைக்காது. சமவெளியில் ஐப்பசி, கார்த்திகையில் நட்டு மாசிக்குள் எடுத்துவிட வேண்டும். இலவசமாகத் தந்த விதைக்கிழங்கில் ரகத்தின் பெயரும் இல்லை. குஃப்ரி ஜோதி என்று தெரிந்தால் சுமார் 100 நாள் என்று கணக்கு வைக்கலாம்; பெயரில்லாததற்கு இலை மஞ்சளாகிச் சாயும் வரை காத்திருப்பதுதான் வழி.

அறுவடைக்கும் ஜன்னல் தேவைப்படவில்லை. தார்ப்பாயில் பையைக் கவிழ்த்தால் மண் உதிர்ந்து கிழங்கு தானாக வெளியே வருகிறது. இரண்டாவது பையின் ஜன்னலைச் செடி வளரும்போதே கோணி ஊசியும் நைலான் நூலும் கொண்டு தைத்துவிட்டேன். அதில் ஒரு கிழங்கும் பச்சையாகவில்லை. அதே கடையில் ஜன்னல் இல்லாத பை விலையும் குறைவு. அதையே வாங்குங்கள்.