கொச்சி வார இறுதி மேலாண்மைப் படிப்பு: பணம் கட்டிய முதலாளியின் கணக்கு

பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோட்டில் வால்வு பாகங்களை லேத்தில் கடைந்து கொடுக்கும் பட்டறை எங்களுடையது. 22 பேர் வேலை செய்கிறார்கள். போன வருடம் எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜரைக் கொச்சியில் ஒரு மேலாண்மைக் கல்லூரியின் ஆறு மாதப் படிப்புக்கு அனுப்பினேன். மாதம் இரண்டு வார இறுதி வகுப்பு. கொழிஞ்சாம்பாறையிலும் வாளையாரிலும் தொழில் நடத்தும் நண்பர்கள் "போட்ட காசு வந்துச்சாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் கணக்கை அப்படியே எழுதுகிறேன்.

கட்டணம் 2,40,000 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 43,200. கல்லூரி முதலில் பில்லை மேனேஜர் பெயரில் போட்டுவிட்டது. கம்பெனி பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லாத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது கட்டிய ஜி.எஸ்.டி.யை நாம் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்வது, எடுக்க முடியாது. மாற்றி வாங்க ஏழு வாரம் அலைந்தேன்; இந்த விஷயத்தில் அவர்கள் சேவை மோசம். ரயில், தங்கல் 58,000. பன்னிரண்டு சனிக்கிழமை அவர் இடத்தைச் சமாளித்த செலவு 34,000. வரி திரும்பிவிட்டதால் மொத்தம் 3,32,000.

பாடத்தில் நிதிப் பகுதி அருமை. சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பேலன்ஸ் ஷீட்டையே கொண்டுவரச் சொல்லி, சரக்கு எத்தனை நாள் முடங்குகிறது, வசூல் எத்தனை நாளில் வருகிறது என்று போட வைத்தார். அடுத்த திங்கட்கிழமை மேனேஜர் வந்து, "சார், ஆறு மாசத்துக்கு வேண்டிய வார்ப்பை வாங்கி அடுக்கி வெச்சிருக்கோம். அதுக்கு பேங்குக்கு வட்டி கட்டிட்டிருக்கோமுங்க" என்றார். வார்ப்பு என்றால் அச்சில் ஊற்றி எடுத்த, இன்னும் கடையாத பாகம். பதினைந்து வருடமாக அது அடுக்கிய ரேக்கைப் பார்த்துத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

52 லட்சமாக இருந்த சரக்கு 38 லட்சமானது. இந்த 14 லட்சத்தை லாபம் என்று எழுதக் கூடாது. மிச்சமானது அந்தச் சரக்குக்காக பேங்கில் எடுத்த ஓவர்டிராஃப்ட் கடனின் வட்டி மட்டும்தான். இரும்பு விலை இறங்கியதிலும் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நான்கு லட்சத்தைத் தள்ளிவிட்டேன். மீதிப் பத்து லட்சத்துக்கு 11 சதவீதம், வருடத்துக்கு 1,10,000. ஒரு பாகத்திலிருந்து இன்னொன்றுக்கு மெஷின் செட்டிங் மாற்றும் நேரத்தைச் சுருக்கியதில் ஓவர்டைம் மாதம் 9,000 குறைந்தது, அது 1,08,000. படித்து வந்தவருக்குச் சம்பளம் மாதம் 6,000 கூட்டினேன். அந்த 72,000-ஐயும் கழித்தால் வருடத்துக்கு 1,46,000 நிற்கிறது. ஆக, போட்ட முதல் திரும்ப இரண்டேகால் வருடம் ஆகும். இப்போது பதினான்கு மாதம் முடிந்திருக்கிறது.

இன்னொரு பலனும் உண்டு. சிறு உற்பத்தி நிறுவனத்துக்கு, அதிகபட்சம் 45 நாள் என்ற கெடு தாண்டியும் மார்ச் முடியும்வரை பணம் தராவிட்டால், வாங்கியவர் அந்தச் செலவை அந்த வருட வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது; பணம் தரும் வருடத்தில்தான் கழிக்கலாம். 2023-24 நிதியாண்டிலிருந்து இந்த விதி இருக்கிறது. மேனேஜர் இதை வகுப்பில் கேட்டுவந்து, எங்களுக்குப் பாக்கி வைத்திருந்த இரண்டு பார்ட்டிக்குப் பிப்ரவரியில் கடிதம் போட்டார். மார்ச்சுக்குள் ஏழு லட்சம் வந்தது. எங்கள் ஆடிட்டரே சொல்லியிருக்கக்கூடிய விஷயம் என்பதால் இதைப் படிப்பின் கணக்கில் சேர்க்கவில்லை.

தலைமைப் பண்பு வகுப்புகள் சுமார்தான். உதாரணம் எல்லாம் ஆயிரக்கணக்கான ஆட்கள் உள்ள கம்பெனிகள். கடைசியில் கொடுத்த படிவம் வகுப்பு பிடித்ததா, சாப்பாடு எப்படி என்று கேட்டது. பயிற்சியை அளக்க டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே நான்கு படி சொன்னார்: பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்கிறாரா, நிறுவனத்துக்கு என்ன பலன். பணம் கட்டியவனுக்கு வேண்டியது நாலாவது. கல்லூரி முதல் படியோடு நின்றுவிட்டது. ஆறு மாதம் கழித்து ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம்.

முன்பு ஒருமுறை விற்பனைப் பையன் ஒருவரை வேறொரு படிப்புக்கு அனுப்பினேன். எந்தச் சிக்கலைத் தீர்க்க என்று சொல்லவும் இல்லை, திரும்பி வந்ததும் அதிகாரம் எதுவும் கொடுக்கவும் இல்லை. நான்காம் மாதம் கோவையில் வேலைக்குப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. இந்த முறை கையில் சரக்குப் பதிவேட்டைக் கொடுத்து அனுப்பினேன், கொள்முதல் கையெழுத்தையும் அவரிடமே விட்டேன்.

அடுத்த பேட்ச்சுக்குத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு அக்காவை ரிஜெக்‌ஷன் நோட்டோடு (தேறாத பாகங்களைக் குறித்துவைக்கும் நோட்டு) அனுப்புகிறேன். பில் கம்பெனி பெயரில் வேண்டும் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன்.