பழைய இழைப்புளி செட் வாங்கப் போகிறீர்களா? அடிப்பக்கத்தைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்

இங்கிலாந்தில் பழைய வீடுகளின் மரவேலை பார்க்கும் நம் ஆட்கள் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். பழங்கால இழைப்புளி என்ற பெயரில் ஆன்லைனில் நல்ல மோசடி ஒன்று நடக்கிறது. எனக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

எனக்கு லண்டனில், மேலும் கீழும் நகர்த்தித் திறக்கும் பழைய சாஷ் ஜன்னல்களைப் பழுதுபார்க்கும் வேலை. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால், உளுத்துப்போன சட்டத்தை வெட்டி எடுத்துவிட்டு அதே வளைவில் புதுத் துண்டு சேர்க்க வேண்டும். கடையில் கிடைக்கும் ரூட்டர் பிட்டுகளின் (மரத்தைக் கடையும் மின்கருவியில் மாட்டும் வெட்டு முனைகள்) வளைவு அந்தக் காலத்து வளைவோடு ஒத்துப் போவது அபூர்வம். அதனால்தான் ஹாலோ, ரவுண்ட் என்று ஜோடி ஜோடியாக வரும் மர இழைப்புளிகளைத் தேடுகிறோம். ஒன்றின் அடி குழிந்திருக்கும், மற்றது குவிந்திருக்கும். முழு செட் 18 ஜோடி, பாதி செட் 9 ஜோடி. பாதி செட் கையில் இருந்தால் பெரும்பாலான வளைவுகளைப் போட்டுவிடலாம்.

‘ஒரே தயாரிப்பாளர், 19-ஆம் நூற்றாண்டு, பாதி செட், வேலைக்குத் தயார்’ என்று ஒரு விளம்பரம். படங்களில் பதினெட்டும் வரிசையாக, முன்முனையில் கிளாஸ்கோவின் பெயர்பெற்ற ஒரு பட்டறை முத்திரையோடு நின்றன. அடிப்பக்கப் படம் கேட்டேன். “எல்லாம் நன்றாக இருக்கிறது, ஓய்வு பெற்ற தச்சர் ஒருவர் வீட்டிலிருந்து வந்தவை” என்று பதில் வந்தது. படம் வரவில்லை. விலையும் முழு செட்டுக்குச் சொல்லும் விலைக்குப் பக்கத்தில் இருந்தது. ஜன்னல் வேலை காத்திருந்ததால் பணம் கட்டினேன்.

பெட்டி வந்ததும் ஒவ்வொரு ஜோடியையும் அடியோடு அடி சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சரியான ஜோடி என்றால் இடையில் வெளிச்சம் தெரியாது. இங்கே பாதிக்கு மேல் ஓரத்தில் கீற்று தெரிந்தது. 8 என்று குத்திய ஜோடியில் ஹாலோ ஒரு வளைவு, ரவுண்ட் வேறு வளைவு. பொதுவாக 8 என்றால் அரை அங்குல ஆரம் இருக்கும். எண்ணைக் கூர்ந்து பார்த்தால் குழியின் விளிம்பில் இழைப்புளி செய்த பீச் (beech) மரத்தின் வெளிர் நிறம். நூறு வருஷத்து முத்திரைக் குழியில் அழுக்கும் எண்ணெயும் அடைந்து கிடக்கும். இதுவோ புதுசாகக் குத்தியது. சிலவற்றில் பழைய பெயரைச் சுரண்டி, சாயம் பூசியிருந்தார்கள்.

அதைவிட மோசம், அடிப்பக்கத்தை மறுபடி இழைத்து வளைவை மாற்றியது. இழைப்புளியின் வாய், அதாவது பிளேடு வெளியே எட்டிப் பார்க்கும் இடைவெளி, மேலே போகப் போக அகலம். அடியைச் சீவினால் வாய் விரிந்துவிடும், அப்புறம் மரம் நார் நாராகப் பிய்ந்து வரும். சாயத்தால் அடியின் நிறத்தை மறைத்துவிட்டார்கள், விரிந்த வாயை எப்படி மறைப்பது? பிளேடுகளும் அப்படித்தான். பழைய பிளேடு நுனியில் தடித்து மேலே போகப் போக மெலியும், அதனால் அதை உள்ளே நிறுத்தும் மர ஆப்பு இறுக்கிப் பிடிக்கும். கூர்முகத்தில், மெல்லிரும்பின் மேல் எஃகு வைத்து ஒட்டியடித்த கோடும் தெரியும். எனக்கு வந்ததில் பல, ஒரே கனத்தில் வெட்டிய பட்டைகள். இரண்டு தட்டு தட்டினால் நழுவுகின்றன.

வேறு வேறு பட்டறைகளின் இழைப்புளிகளைச் சேர்த்து ஒரு செட்டாக்குவதில் தப்பே இல்லை. என்னிடமே அப்படிச் சேர்த்தவை இருக்கின்றன, அருமையாக வேலை செய்கின்றன. அப்படிச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்கட்டும். முத்திரையை மாற்றிக் குத்தி ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று விற்பது திருட்டு. பழைய தச்சர்கள் தங்கள் பெயரைக் குத்தி வைத்து, தலைமுறைகளாகக் கை மாறி வந்த கருவிகள் இவை. அதைச் சுரண்டி எடுத்ததைப் பார்த்தபோது பணம் போனதைவிட வயிறு எரிந்தது.

விற்றவரிடம் கேட்டேன். “பழைய பொருள், இருக்கிறபடி விற்றது, நான் தனிநபர்” என்றார். அவருடைய ஆன்லைன் விற்பனைப் பக்கத்தில் நூற்றுக்கணக்கான கருவிகள் விற்பனைக்கு இருக்கின்றன! தொடர்ந்து இப்படி விற்பவர் சட்டத்தின் பார்வையில் வியாபாரிதான். தொழிலுக்காக இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு வியாபாரியிடம் ஆன்லைனில் வாங்கினால், பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். தனிநபர் விற்றாலும் பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இருந்தாக வேண்டும். இதை எழுத்தில் அனுப்பியதும் பதிலே நின்றுபோயிற்று. கிரெடிட் கார்டில் கட்டியதால் வங்கியிடம் படங்களோடு புகார் கொடுத்திருக்கிறேன்.

வாங்கும் முன் கேளுங்கள்: ஒவ்வொன்றின் அடிப்பக்கம், வாய், பின்முனை எண், பிளேடைக் கழற்றிய படம். நீளவாக்கில் பார்த்து எடுத்த படமும் வேண்டும், கோணலாக வளைந்தது இருந்தால் அதில்தான் தெரியும். சின்ன ஓட்டைகளைச் சுற்றி மாவு போல உதிர்ந்திருந்தால் புழு இன்னும் உள்ளே இருக்கலாம். படம் தர மறுத்தால் நகர்ந்துவிடுங்கள். முடிந்தவரை கருவிக் கண்காட்சிக்கோ பழைய கருவிக் கடைக்கோ போய்க் கையில் எடுத்துப் பாருங்கள். எனக்கு அவசரமாக வேண்டியிருந்த ஒரு ஜோடியை அப்படித்தான் வாங்கி, அந்த ஜன்னலை முடித்துக் கொடுத்தேன்.